லாரி சீட்டும் டிரைவரின் குறுக்கும்

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் இடுப்பு வலி என்று யாரும் சொல்வதில்லை. குறுக்கு வலி என்பார்கள். குறுக்குப் பிடிச்சுக்கிட்டது, குறுக்கு விட்டுப்போச்சு, குறுக்க நிமித்த முடியல. களையெடுக்கும் பெண்களும் கரிமூட்டம் போடுகிறவர்களும் சொல்கிற இந்தச் சொல்லை நான் அதிகம் கேட்டது லாரி டிரைவர்களிடம். என் சித்தப்பா முப்பது வருஷம் லாரி ஓட்டினார். வண்டியை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் திண்ணையில் உட்கார மாட்டார். நேரே உள்ளே போய்த் தரையில் மல்லாந்து, முழங்காலை மடக்கி, கால் மணி நேரம் அசையாமல் கிடப்பார். பிறகுதான் தண்ணீர் கேட்பார். களைப்பு என்று நினைத்திருந்தேன். பகல் முழுக்க அவர் உட்கார்ந்திருந்த சீட்டின் கணக்கை அந்தக் கால் மணி நேரத்தில் தீர்த்துக்கொண்டிருந்தார் என்று புரிய வெகுநாள் ஆனது.

நெடுந்தூரம் ஓட்டுகிறவருக்கு லாரி சீட்டு எந்த உயரத்தில், எந்தச் சாய்வில் இருக்க வேண்டும், நம் பக்கத்து வண்டிகளில் பெரும்பாலும் ஏன் அப்படி இருப்பதில்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. பதிலில் பாதி உடலியல். மீதிப் பாதி பாடி கட்டும் பட்டறையிலும், வண்டி ஓனரின் கணக்கு நோட்டிலும், கரிசல் மண்ணிலும் கிடக்கிறது.

மண்ணிலிருந்தே தொடங்குகிறேன். பழைய 45பி, இப்போது 38 என்று எண் மாறிய தேசிய நெடுஞ்சாலை மதுரையிலிருந்து காரியாபட்டி, அருப்புக்கோட்டை, பந்தல்குடி, எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடிக்கு இறங்குகிறது. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் டிரெய்லர்களும், மில்லுக்கு வரும் பஞ்சுப் பேல்களும் இந்தச் சாலையில் ஓடுகின்றன. பந்தல்குடிச் சுரங்கத்துச் சுண்ணாம்புக்கல் சிமென்ட் ஆலைக்கு டிப்பரில் போகிறது. கிழக்கே திருச்சுழி, நரிக்குடி, கமுதி வரை குண்டாற்றை ஒட்டிய ஊர்களில் சீமைக் கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டு எடுத்த கரி, மூட்டை மூட்டையாக லாரி ஏறி வெளியூர் போகிறது. மழை பொய்த்த வருஷத்தில் தண்ணீர் லாரியும் சேர்ந்துகொள்ளும். மானாவாரிச் சீமையில் நிலம் கைவிட்டபோது ஸ்டியரிங்கைப் பிடித்த குடும்பங்கள் பல. எங்கள் குடும்பம் அதில் ஒன்று.

கரிசல் மண் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். அதன் மேல் போட்ட ரோடும் கூடவே ஏறி இறங்கும். நாலு வழிச்சாலையில் அடித்தளம் ஆழமாகப் போடுவதால் அது அவ்வளவாகத் தெரியாது. திருச்சுழியிலிருந்து நரிக்குடிப் பக்கம் திரும்பினால் தெரியும். குழியே இல்லாத தார் ரோட்டிலும் வண்டி அலை மேல் போவதுபோல் மிதக்கும். இதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி வினாடிக்கு 16.7 மீட்டர் ஓடுகிறது. ரோட்டின் ஏற்ற இறக்கம் 3.5 மீட்டருக்கு ஒன்று என்று வந்தால், சீட்டுக்கு வினாடிக்கு ஏறக்குறைய 5 தள்ளு விழும். உட்கார்ந்த நிலையில் மனித உடலின் நடுப்பகுதி, அதாவது வயிறும் முதுகெலும்பும், மிக அதிகமாக எதிரொலிக்கும் அதிர்வும் சரியாக இதைச் சுற்றி, 4 முதல் 8 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 4 முதல் 8 தள்ளு என்ற பட்டைக்குள்தான் இருக்கிறது. ஊஞ்சலை அதன் தாளத்துக்கே தள்ளினால் எப்படி உயரப் போகுமோ, அப்படி அந்த அதிர்வு உடலுக்குள் பெருகும். அதே ரோட்டில் 40-இல் போனால் தள்ளு வினாடிக்கு 3 சொச்சமாகக் குறைந்து அந்தப் பட்டைக்கு வெளியே வந்துவிடும். "இந்த ரோட்டுல நாப்பதுக்கு மேல போனா குடல் கலங்கிரும்" என்று சித்தப்பா சொன்னது வெறும் பேச்சில்லை.

காலி வண்டி இன்னும் மோசம். பின்னால் இருக்கும் பட்டை ஸ்பிரிங் முழு லோடைத் தாங்கும்படி அடுக்கியது. லோடு இல்லாதபோது அது வளையாது, ரோட்டின் ஒவ்வொரு அடியையும் அப்படியே மேலே அனுப்பும். கரி லோடு பார்க்க மலைபோல் இருந்தாலும் எடை குறைவு. ஆகவே கரி வண்டி லோடோடு போகும்போதும் பாதி காலி வண்டிதான். நம் பக்கத்து டிரைவர்களில் கரி லோடு அடிக்கிறவர்கள் குறுக்கைப் பிடித்துக்கொண்டு இறங்குவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

இந்த அதிர்வுக்கும் முதுகுக்கும் நடுவில் இருக்கிற ஒரே பொருள் சீட்டு. அந்தச் சீட்டு எங்கே பிறக்கிறது?

எண்ணூரிலிருந்தோ ஜாம்ஷெட்பூரிலிருந்தோ புதுச் சேஸி கிளம்பும் காட்சியை நெடுஞ்சாலையில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். எஞ்சின், சக்கரம், முகப்புத் தகரம், ஒரு தற்காலிக இருக்கை, தலையில் துண்டைச் சுற்றி வெயிலிலும் காற்றிலும் ஓட்டி வரும் ஓர் ஆள். ஐந்தாறு வண்டி வரிசையாகப் போகும். அவை போய்ச் சேரும் இடம் நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு. அங்கேதான் கேபினும் பாடியும் கட்டுவார்கள். மரமும் தகரமுமாகக் கட்டிய கேபினில் டிரைவர் சீட்டின் உயரத்தைத் தீர்மானித்தது ஆசாரியின் கண்ணளவு. பெட்டி போல ஓர் அடித்தளம், அதன் மேல் பலகை, அதன் மேல் காயர் மெத்தை அல்லது ஸ்பாஞ்ச், மேலே ரெக்சின். முதுகுப் பலகை பின்சுவரோடு சேர்ந்து செங்குத்தாக நிற்கும். பின்னால் படுக்கைக்கு இடம் விட வேண்டும் என்பதால் முதுகைச் சாய்க்க வழியிருக்காது. இடது பக்கம் எஞ்சின் மூடி. முன்னே பின்னே நகர்த்தும் தண்டவாளம் இருந்தால் அதிர்ஷ்டம். இருந்தாலும் இரண்டு வருஷத்தில் துருப்பிடித்து ஒரே இடத்தில் உறைந்துவிடும்.

பட்டறைக்காரர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் முன்னால் நின்று விலை பேசியது ஓனர். பாடியின் நீளம், பக்கப் பலகையின் உயரம், முகப்பில் எழுத வேண்டிய பெயர், கண்ணாடிக்கு மேல் வைக்கும் சாமி படம் எல்லாவற்றையும் ஓனர் சொன்னார். சீட்டில் உட்காரப் போகிறவர் அங்கே வரவே இல்லை. சட்டை தைக்கக் கழுத்து முதல் மணிக்கட்டு வரை அளவெடுக்கும் ஊரில், ஒரு மனிதன் நாளுக்குப் பத்து மணி நேரம் உட்காரும் இடத்துக்கு யாரும் அளவெடுக்கவில்லை.

கம்பெனியே கேபினோடு தரும் வண்டிகள் பிற்பாடு பெருகின. டாடா பிரைமா 2009-இல் வந்தது. ஒரகடத்தில் பாரத்பென்ஸ் ஆலை 2012-இல் திறந்தது. அசோக் லேலண்டும் தன் கேபின்களை மாற்றியது. ஏஐஎஸ்-093 என்ற லாரி உடல் விதித்தொகுப்பு கேபினுக்கும் பாடிக்கும் அளவும் தரமும் வகுத்தது. ஓசூரில் இயங்கிய ஹரிதா சீட்டிங் நிறுவனம் ஜெர்மனியின் கிராமரோடு கைகோத்து ஸ்பிரிங் சீட்டுகளை இங்கேயே செய்யத் தொடங்கியிருந்தது. காற்றுப்பை வைத்த சீட்டு, உயரம் மாற்றும் கைப்பிடி, முதுகுச் சாய்வுக்கு நெம்புகோல் எல்லாம் இன்றைய புது வண்டியில் பார்க்கலாம். ஆனால் விருதுநகர் பதிவு எண் போட்ட, இரண்டு மூன்று கை மாறி வந்த பழைய வண்டிகளில் ஏறிப் பாருங்கள். ஆசாரியின் கண்ணளவு இன்னும் அங்கே உட்கார்ந்திருக்கிறது.

உட்காருவதைப் பற்றி ஆராய்ச்சியாளர்கள் சொன்னதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அவர்களுக்குள்ளேயே சண்டை உண்டு. 1953-இல் அமெரிக்காவின் கீகன், எக்ஸ்ரே படங்களை வைத்து, தொடைக்கும் உடம்புக்கும் நடுவில் 135 டிகிரி இருக்கும்போதுதான் குறுக்கெலும்பு தன் இயல்பான வளைவில் இருக்கிறது என்று காட்டினார். 90 டிகிரியில் செங்குத்தாக உட்கார்ந்தால் அந்த வளைவு தட்டையாகிவிடும். ஸ்வீடனின் நாக்கெம்சன் 1960-களில் உயிருள்ள மனிதரின் முதுகு வட்டுக்குள் ஊசி செருகி அழுத்தத்தையே அளந்தார். நிற்கும்போது 100 என்றால், சாய்மானமில்லாமல் உட்காரும்போது 140, முன்னால் குனிந்து உட்காரும்போது 185 என்ற அவருடைய கணக்கு உலகம் முழுக்கப் பாடப்புத்தகத்தில் ஏறியது. அவரும் ஆண்டர்சனும் சேர்ந்து செய்த பின்னாள் வேலை, முதுகுப் பலகையைப் பின்னால் சாய்த்து, குறுக்குக்கு ஓர் ஆதாரமும் கொடுத்தால் அழுத்தம் தெளிவாகக் குறைகிறது என்று சொன்னது.

1999-இல் ஜெர்மனியின் ஊல்ம் நகரில் வில்க்கேயின் குழு ஒரே ஒருவரின் வட்டில் அழுத்தமானி வைத்து நாள் முழுக்க அளந்தது. நிற்கும்போது 0.5 மெகாபாஸ்கல், சும்மா உட்காரும்போது 0.46. உட்காருவது நிற்பதைவிடக் கெடுதல் என்ற பழைய முடிவு அங்கே ஆட்டம் கண்டது. ஆனால் குனிந்து உட்கார்ந்தபோது அது 0.83-க்கு ஏறியது. பின்னால் சாய்ந்து தளர்ந்தபோது 0.3-ஐ ஒட்டி இறங்கியது. ஆக இரு தரப்பும் எதில் ஒத்துப்போகின்றன என்று பார்த்தால் நமக்கு வேண்டியது கிடைக்கிறது. முன்னால் குனிவது கெடுதல். பின்னால் சாய்மானத்தில் எடையை விடுவது நல்லது. லாரி டிரைவரைப் பற்றிய கேள்வி அத்தனையும் இந்த ஒன்றில் அடங்கும்: அவரை முன்னால் குனிய வைப்பது எது?

என் பார்வையில் அது கிளச். பழைய வண்டியின் கிளச்சை மிதிக்க இடது காலின் மொத்த பலமும் வேண்டும். சீட்டு உயரமாகவோ பின்தள்ளியோ இருந்தால், குட்டையான டிரைவர் கிளச்சைக் கடைசி வரை மிதிக்கச் சீட்டின் நுனிக்கு நகர்ந்து வருகிறார். நகர்ந்த அந்தக் கணத்தில் முதுகு பலகையை விட்டுவிடுகிறது. மதுரை மாட்டுத்தாவணியிலிருந்து ஊரைக் கடப்பதற்குள் எத்தனை முறை கிளச் மிதிக்கிறோம் என்று யோசியுங்கள். ஒவ்வொரு முறையும் முன்னால் போய்ப் பின்னால் வர யாராலும் முடியாது. நுனியிலேயே உட்கார்ந்துவிடுவார். சாய்மானம் இருந்தும் இல்லாததாகிவிடும். முதுகுப் பலகையின் கோணத்தைப் பற்றி எவ்வளவு பேசினாலும், கால் எட்டாத சீட்டில் அந்தப் பேச்சு வீண்.

நம் ஆண்களின் சராசரி உயரம் 165 சென்டிமீட்டரை ஒட்டியது. ஐரோப்பியச் சீட்டு வரைபடங்கள் மனதில் வைத்திருப்பது அதைவிடப் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் உயரமான உடம்பை. இந்தியர்களின் உடலளவுகளைத் தொகுத்து தேப்குமார் சக்கரவர்த்தி எழுதிய கையேட்டை அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் வெளியிட்டதே 1997-இல்தான். அதற்கு முந்தைய வண்டிகளில் நம் உடம்பு இரவல் அளவுக்குள் உட்கார்ந்திருந்தது.

ஆகவே சீட்டைச் சரிசெய்வது காலில் தொடங்க வேண்டும். வண்டியை நிறுத்தி, செருப்பைப் போட்டபடியே, இடுப்பைச் சீட்டின் பின்மூலைக்கு ஒட்டத் தள்ளி உட்கார வேண்டும். பிறகு கிளச்சை அடி வரை மிதிக்க வேண்டும். முழங்கால் கொஞ்சம் மடங்கியே இருக்க வேண்டும், விறைத்து நீளக் கூடாது. இடுப்பு நகர்ந்ததா? சீட்டை முன்னே கொண்டுவர வேண்டும். அடுத்தது உயரம். காலை மிதியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தால் பாதம் முழுக்கப் படிய வேண்டும். தொடைக்கும் சீட்டின் முன்விளிம்புக்கும் நடுவில் இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். நுழையாவிட்டால் முட்டிக்குப் பின்னால் ஓடும் ரத்தக் குழாயைச் சீட்டு நெரிக்கிறது என்று அர்த்தம். நூறு கிலோமீட்டர் தாண்டியதும் கால் மதமதத்துப் போவதும், இறங்கும்போது பாதம் வீங்கிச் செருப்பு இறுகுவதும் இதனால்தான். உயரத்தின் கீழ் எல்லையைக் கண் சொல்லும். லாரியின் மூக்குக்கு நேர் கீழே தெரியாத இடம் எப்போதும் உண்டு. சீட்டு தாழ்ந்தால் அந்தக் குருட்டு இடம் நீளும். குழந்தைகள் குறுக்கே ஓடும் ஊர்ச்சாலையில் அது உயிர் விஷயம். ஆகவே கால் கேட்கும் தாழ்வுக்கும் கண் கேட்கும் உயரத்துக்கும் நடுவில்தான் சீட்டு நிற்க முடியும். உயரம் மாறாத பழைய சீட்டில், கண் கேட்கும் உயரத்தில் சீட்டை வைத்து, கால் படியும் இடத்தில் ஒரு மரப்பலகையைத் தரையில் பொருத்துவதே சுலப வழி. பலகை மிதிக்கு அடியில் நழுவிப் போகாதபடி போல்ட் போட்டிருக்க வேண்டும். இது கண்டிப்பு.

பிறகு சீட்டுப் பலகையின் சாய்வு. முன்பக்கம் 5 டிகிரி அளவுக்கு மேலே தூக்கியிருந்தால் பிரேக் போடும்போது உடம்பு முன்னால் வழுக்காது, இடுப்பு தானாகப் பின்மூலையைத் தேடும். சித்தப்பாவிடம் நாட்டுக் கருவேல மரத்தில் செதுக்கிய இரண்டு ஆப்பு இருந்தது. ஏர் செய்யும் மரம் என்பதால் அது நசுங்காது, பிளக்காது. எந்த வண்டிக்கு மாறினாலும் ஆப்பைத் துண்டில் முடிந்து எடுத்துப்போய்ச் சீட்டுப் பெட்டியின் முன் விளிம்புக்கு அடியில் செருகி ஆணி அடித்துவிடுவார். அதன் தடித்த முனை ஒன்றரை அங்குலம். சீட்டின் ஆழம் நாற்பது சென்டிமீட்டர் என்று வைத்தால் கோணம் 5 டிகிரியைக் கொஞ்சம் தாண்டுகிறது. 

முதுகுப் பலகை, சீட்டுப் பலகையிலிருந்து 100 முதல் 110 டிகிரி வரை சாய்ந்திருக்கலாம் என்பது பொதுவான பரிந்துரை. காருக்கு 110 பொருந்தும். லாரியின் ஸ்டியரிங் பெரியது, படுத்தவாக்கில் கிடப்பது. அதிகம் சாய்ந்தால் கை எட்டாது, தோள் பலகையை விட்டு எழும்பும், கழுத்து முன்னால் நீளும். ஆகவே 100-க்கும் 105-க்கும் நடுவில் நிறுத்துவதே நம் வண்டிக்குச் சரி என்பது என் முடிவு. சோதிக்க எளிய வழி: முதுகு பலகையில் ஒட்டியிருக்க, கையை நீட்டி மணிக்கட்டை ஸ்டியரிங்கின் மேல் விளிம்பில் வைத்துப் பார்க்க வேண்டும். தோள் எழும்பாமல் மணிக்கட்டு அங்கே படிந்தால் போதும். குறுக்குக்கு ஆதாரம் பெல்ட் கட்டும் இடத்தில் வர வேண்டும். டிரைவர்கள் துண்டைச் சுருட்டி வைப்பது நல்ல பழக்கம்தான், ஆனால் பலர் அதை விலாவுக்குப் பின்னால் வைக்கிறார்கள். அது நெஞ்சை முன்னால் தள்ளுமே தவிரக் குறுக்கைத் தாங்காது. இரண்டு மூன்று சென்டிமீட்டர் தடிமன் போதும். பின்பாக்கெட்டில் தடித்த பர்ஸ் வைத்து உட்காருவது ஒரு பக்க இடுப்பைத் தூக்கி, காலுக்கு இறங்கும் நரம்பையும் அழுத்தும். லுங்கிக்குள் பட்டாப்பட்டி டவுசரின் முன்பையில் பணம் வைத்த பழைய டிரைவர்களுக்கு அந்தத் தொல்லை இருக்கவில்லை.

கண்ணாடியைக் கடைசியில்தான் திருப்ப வேண்டும். இதில் ஒரு நல்ல உபாயம் இருக்கிறது. காலையில் நிமிர்ந்து உட்கார்ந்து பக்கவாட்டுக் கண்ணாடியைச் சரிசெய்துவிட்டுப் பிறகு அதைத் தொடவே கூடாது. மத்தியானம் எட்டயபுரம் தாண்டும்போது பின்னால் வரும் வண்டி பாதிதான் தெரிகிறது என்றால் கண்ணாடி இறங்கவில்லை, நாம் சரிந்துவிட்டோம். அது இறங்கி நடக்க வேண்டிய நேரம்.

குஷனைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை ஊரெங்கும் இருக்கிறது. வலி வந்தால் இன்னும் ரெண்டு இஞ்ச் ஸ்பாஞ்ச் போடச் சொல்வார்கள். சதாம்ப்டனின் மைக்கேல் கிரிஃபின் போன்றோரின் அளவீடுகள் இதற்கு நேர் எதிராகச் சொல்கின்றன. ஸ்பாஞ்ச் சீட்டின் சொந்தத் தாளமே 4 ஹெர்ட்ஸை ஒட்டியது. அந்தத் தாளத்தில் வரும் அதிர்வை அது குறைப்பதற்குப் பதில் பெருக்கியே கொடுக்கும். அதாவது கரிசல் ரோடும், ஸ்பாஞ்சும், முதுகெலும்பும் ஒரே தாளத்தில் சேர்ந்துகொள்ளும். மேலும் மெத்தென்ற குஷனில் இடுப்பு புதையும், உயரம் குறையும், சாய்வு பின்னோக்கிக் கவிழும். கெட்டியான, மூன்று நான்கு அங்குல மெத்தையே மேல்.

காற்றுப்பை சீட்டின் வித்தை இங்கேதான். அதன் தாளம் 1 முதல் 1.5 ஹெர்ட்ஸ். அதனால் 2-க்கு மேற்பட்ட அதிர்வை அது விழுங்கத் தொடங்குகிறது. ஆனால் அதில் எடைக் குமிழ் ஒன்று உண்டு. 60 கிலோ டிரைவர், முந்தைய ஆள் 90 கிலோவுக்குத் திருகி வைத்ததிலேயே உட்கார்ந்தால் சீட்டு மேலே இறுகி நின்று, பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் உச்சி வரை போய் முட்டும். சரியாக வைக்காத ஸ்பிரிங் சீட்டு, கட்டைச் சீட்டைவிட மோசமாக அடிக்கும். உட்கார்ந்த பிறகு சீட்டு தன் மொத்தப் பயணத்தின் நடுவில் நிற்க வேண்டும். இந்தக் குமிழைப் பற்றி வண்டி விற்கும்போது யாரும் டிரைவரிடம் சொன்னதாக நான் கேட்டதில்லை.

இவ்வளவு கவலைக்கு ஆதாரம் உண்டா என்றால், உண்டு. 1975-இல் அமெரிக்காவின் கெல்சியும் ஹார்டியும் கனெக்டிகட் மாநிலத்தில் செய்த ஆய்வில், வேலை நேரத்தில் பாதிக்கு மேல் வண்டி ஓட்டும் ஆண்களுக்கு முதுகு வட்டு பிதுங்கும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு, லாரி டிரைவர்களுக்கு ஐந்து மடங்கை ஒட்டியது என்று கண்டார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2002-இல் சட்டமாகவே வகுத்தது: எட்டு மணி நேர வேலையில் உடம்புக்கு வரும் அதிர்வின் சராசரி 0.5 மீட்டர்/வினாடி² தாண்டினால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும், 1.15 தாண்டவே கூடாது. இந்தக் கணக்கில் ஒரு நுட்பம். அதிர்வு இரட்டித்தால் அனுமதித்த நேரம் பாதியாவதில்லை, கால்பங்காகிறது. 0.5 உள்ள ரோட்டில் எட்டு மணி நேரம் ஓட்டலாம் என்றால், 1.0 உள்ள ரோட்டில் இரண்டு மணி நேரத்திலேயே அதே அளவைத் தொட்டுவிடுவோம். நமது மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-இல் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்றும், நெடுந்தூர வண்டிக்கு நாளுக்கு 10 மணி, வாரத்துக்கு 54 மணி வரை என்றும் வகுத்தது. அது மணியை எண்ணியது. ரோட்டையும் சீட்டையும் எண்ணவில்லை. மணியையே எத்தனை ஓனர் மதித்தார்கள் என்பது வேறு துக்கம்.

நேஷனல் பெர்மிட் வண்டியில் இரண்டு டிரைவர் வேண்டும் என்ற விதியை, ஃபாஸ்டாக்கும் இடம் காட்டும் கருவியும் வந்ததைச் சொல்லி 2018-இல் எடுத்துவிட்டார்கள். இதைப் பற்றி எனக்கு வருத்தம் உண்டு. இரண்டு பேர் மாறி மாறி ஓட்டியபோது ஒருவர் முதுகு பின்படுக்கையில் நீண்டது. இப்போது அதே தூரம் ஒரே முதுகில்.

வெயிலையும் சொல்லியாக வேண்டும். சித்திரை வைகாசியில் இந்தச் சீமையில் எஞ்சின் மூடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது அடுப்புத் திண்டில் உட்கார்ந்திருப்பது மாதிரி. ரெக்சின் வேர்வையை உறிஞ்சாது, முதுகு ஒட்டும். ஒட்டாமல் இருக்க டிரைவர் தானாகவே முதுகைப் பலகையிலிருந்து எடுத்து முன்னால் குனிந்துவிடுவார். சூடும் ஒருவகையில் சாய்வுக் கோணத்தைக் கெடுக்கிறது. மரமணி விரிப்புப் போடுகிறார்கள். அதில் காற்று போகும், ஆனால் அது வழுக்கும், இடுப்பு முன்னால் நழுவும். கெட்டியான பருத்தித் துணி உறையே இரண்டுக்கும் பொருத்தம், அருப்புக்கோட்டைத் தறியில் இல்லாத துணியா. 2025 முதல் உற்பத்தியாகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயம் என்று 2023 டிசம்பரில் மத்திய அரசு அறிவித்தது பெரிய காரியம். நம் பக்கத்து டிரைவர் அதை அனுபவிக்க, அந்த வண்டி வடக்கே ஓடித் தேய்ந்து, கை மாறி இங்கே வர வேண்டும். அதற்குள் அதன் சீட்டின் காற்றுப்பை கிழிந்து, அடியில் கட்டை செருகியிருப்பார்கள். அப்படிச் செருகிய வண்டிகளை இப்போதே பார்க்கிறேன்.

போன ஆவணியில் அருப்புக்கோட்டையில் ஒரு குஷன் கடையில் உட்கார்ந்திருந்தேன். எப்.சி.க்கு நிற்கும் ஒரு வண்டியின் டிரைவர் சீட்டைக் கழற்றி ஆட்டோவில் போட்டு ஓனர் கொண்டுவந்தார். ரெக்சின் மாற்றி, ஸ்பாஞ்சும் கொஞ்சம் கூடப் போடச் சொன்னார். கடைக்காரர் சீட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, "யாருண்ணே ஓட்டுறது?" என்று கேட்டார். ஓனர் பெயரைச் சொன்னார். "அவரு பெயரு எதுக்குண்ணே, ஆளு வேணும். வரச் சொல்லுங்க" என்றார்.

அரை மணி நேரத்தில் டிரைவர் வந்தார். தூக்கத்திலிருந்து எழுந்து வந்த முகம், ஐந்தரை அடி இருப்பார். கடைக்காரர் சீட்டைத் தரையில் வைத்து, அதற்கு முன்னால் மிதிகள் இருக்கும் தூரத்தில் செங்கல் அடுக்கினார். பழைய காயரைப் பிய்த்து எடுத்துவிட்டு, புதுக் கெட்டி ஸ்பாஞ்சை ஆணியில்லாமல் சும்மா வைத்து, உட்காருங்க என்றார். டிரைவர் கூச்சத்தோடு ஓனரைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். இடது காலைச் செங்கல்லில் வைத்து மிதித்தார், கையைக் காற்றில் நீட்டி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். கடைக்காரர் அவர் தொடைக்கு அடியில் விரலை விட்டுப் பார்த்து, கத்தியால் முன்விளிம்பைக் கொஞ்சம் செதுக்கினார். மறுபடி விரலை விட்டார்.

"இப்ப?"

டிரைவர் கண்ணை மூடி, இல்லாத கிளச்சை இன்னும் ரெண்டு தரம் மிதித்தார்.

"இன்னும் அரை இஞ்ச் எறக்குங்கண்ணே."